அம்மா தன்னை மறைத்துக்கொண்ட படம்

இந்த நினைவு மலருக்காக அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்ததும், "தைரியசாலின்னு எழுது" என்றார் சித்தப்பா. எழுத மாட்டேன். எங்கள் அம்மாவைப் போலப் பயந்த சுபாவம் பாலக்கரையிலேயே வேறு யாருக்கும் கிடையாது. தலைத் திவசத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் அது தெரியும். பல்லி கத்தினால் பயம், தந்திக்காரர் சைக்கிள் மணி அடித்தால் பயம். அப்படிப்பட்டவர் ஒரு காரியம் செய்தார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது மண்ணச்சநல்லூரில், நெல் ஆலையில் கணக்கு எழுதியவரின் மூத்த மகளாக. பாலக்கரைக்கு மருமகளாக வந்தார். நான் நடக்கத் தொடங்குவதற்குள் அப்பா மலாயாவுக்கு ரப்பர் தோட்டத்து வேலைக்குக் கப்பலேறிவிட்டார். இடையில் லீவில் வருவார், போவார், கடிதம் மட்டும் தவறாது. ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்ததும் கடிதமும் நின்றது.

வருஷம் ஒன்று ஓடியது. "அவ்வளவுதான், இனிமே எங்க வரப் போறாரு" என்று வீட்டுக்குள்ளேயே சிலர் பேச ஆரம்பித்தார்கள். அம்மாவின் நெற்றியைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். இதைப் படிக்கும்போது அவர்களுக்குச் சுருக்கென்று இருக்கும். இருக்கட்டும்.

காணாமற்போனவர்களை விசாரிக்கும் ஆபீஸ் ஒன்று மெட்ராஸில் இருப்பதாக அப்போது தெரிய வந்தது. அப்பா மட்டும் தனியாக இருக்கும் படம் கேட்டார்கள். எங்களிடம் இருந்ததோ கல்யாணப் படம் ஒன்றுதான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், அம்மா அவர் தோளை உரசிக்கொண்டு நிற்பார். அதன் கண்ணாடி நெகட்டிவைப் பெரிய கடைவீதி ஸ்டுடியோக்காரர் பத்திரமாக வைத்திருந்தார்.

"உங்களை மறைச்சாத்தாம்மா அவரைத் தனியா எடுக்க முடியும்" என்றார் அவர். நெகட்டிவில் மறைத்த இடம் படத்தில் வெள்ளையாகிவிடுமாம். அகலமான இடத்துக்குக் கறுப்புத் தாள், உடம்பை ஒட்டிய ஓரத்துக்குச் சிவப்பு மை. யுத்தத்தால் இரண்டும் அவரிடம் இல்லை.

அம்மா பயந்துவிட்டார். எங்கள் தெருவில் வெள்ளைப் பின்னணியில் தனி ஆளாக ஒரு படம் தொங்கினால், அவர் போய்விட்டார் என்று அர்த்தம். "உசிரோட இருக்கிறவரை அப்படிப் பிரிக்கலாமாடி?" என்று வழியெல்லாம் என்னைக் கேட்டார். ஆனாலும் சாமான் தேடப் புறப்பட்டோம்.

கறுப்புத் தாள் திருச்சியில் ஒரு கடையிலும் இல்லை. குண்டு விழும் என்ற பீதியில், ராத்திரி விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாதபடி ஜனங்கள் ஜன்னல்களில் ஒட்டியே தீர்த்திருந்தார்கள். கடைசியில் ஸ்ரீரங்கத்தில் அம்மாவின் தங்கையான சித்தி வீட்டுக்குப் போனோம். சித்தி மறுபேச்சுப் பேசாமல் முக்காலியில் ஏறி, ஜன்னல் தாளைச் சர்ரென்று உரித்தார்.

"ஐயோ, வெளிச்சம் தெரியுதுன்னு போலீஸ்காரங்க வந்து கத்தப் போறாங்கடி!" என்று அம்மா பதறினார்.

"கத்தட்டும். அத்தானைவிட ஜன்னலா பெரிசு? கொண்டு போக்கா."

சிவப்பு மைதான் கிடைக்கவேயில்லை. பேனா மை கண்ணாடியில் நிற்காமல் ஓடியது. ஸ்டுடியோக்காரர் கையை விரித்தார். "சிவப்பா, மாவு மாதிரி நைஸா ஏதாவது இருந்தா கோந்துல குழைச்சுப் பாக்கலாம். வேற வழி தெரியலம்மா."

அம்மா இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்துக் குங்குமச் சிமிழை எடுத்தார்.

ஸ்டுடியோக்காரர் பின்வாங்கினார். "அதை மட்டும் குடுக்காதீங்கம்மா. எனக்கே பயமா இருக்கு."

"எனக்கும்தாங்க பயம். ஆனா என் மேலதானே பூசப் போறீங்க? என் குங்குமம் என் மேலயே இருக்கட்டும். அவர் மேல மட்டும் படாம பாத்துக்குங்க."

அவர் பூசினார். ஈரம் கூடினால் நெகட்டிவின் மேல்படலம் உரிந்துவிடும், அப்பாவின் முகமும் அதோடு போய்விடும் என்று முதலிலேயே எச்சரித்திருந்தார். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு முகம்தான். தூரிகை அப்பாவின் தோளை நெருங்கும்போதெல்லாம் அம்மா என் கையை நசுக்கினார். "ரங்கநாதா, ரங்கநாதா" என்று அவர் முணுமுணுத்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

படம் வந்தது. வெள்ளை வெளியில் அப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார். அம்மா நிமிர்ந்து பார்க்கவேயில்லை. ஆபீஸுக்கு அனுப்பியது போக மிஞ்சிய பிரதியை அரிசிப் பானைக்குள் கவிழ்த்துப் போட்டார். யாராவது எடுத்து மாட்டிவிடுவார்களோ என்று சுவரில் ஆணி இருந்த இடமெல்லாம் காலண்டர் தொங்கவிட்டார்.

ஆபீஸிலிருந்து பதிலே இல்லை. சண்டை ஓய்ந்தபின் ஒரு மத்தியானம் அப்பா தாமாகவே வாசலில் வந்து நின்றார், எலும்பும் தோலுமாக. அம்மா பேய் என்று அலறி, சமையலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். "நான்தான்டி, சோறு போடு" என்று அப்பா கத்திய பிறகுதான் கதவு திறந்தது.

அந்த வாரமே அம்மா குங்குமத்தைக் கழுவச் சொல்லி ஸ்டுடியோவுக்கு ஓடினார். கழுவியும் குங்குமத்திலிருந்த மஞ்சளின் கறை போகவில்லை. அதற்குப்பின் போட்ட பிரதிகளில் அம்மா மட்டும் வெளிறித் தெரிவார். "பயந்தாங்கொள்ளி வேற எப்படித் தெரிவா?" என்று அவரே சிரிப்பார்.

சென்ற ஆண்டு காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கடைசி நாட்களில் விளக்கை அணைக்க விடவில்லை. அப்பாவின் வேட்டி நுனியைப் பிடித்தபடியே கிடந்தார்.

அம்மாவைக் கவனித்துக்கொண்ட டாக்டருக்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், ஜன்னலை உரித்துக் கொடுத்த சித்திக்கும், கை நடுங்காமல் பூசிய ஸ்டுடியோக்காரருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒன்று. இம்மலரின் அட்டையிலுள்ள கல்யாணப் படத்தில் அப்பாவும் இருப்பதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். அப்பா நலமாக இருக்கிறார். நினைவு மலரில் உயிரோடிருப்பவர் இருக்கக் கூடாது, அவரை மறைத்துவிடலாம் என்று அச்சகத்தாரும் சித்தப்பாவும் எவ்வளவோ சொன்னார்கள். எனக்கும் பயம்தான், மறைக்கச் சம்மதிக்கும்படி அப்பாவிடம் கெஞ்சினேன். அவர் படத்தைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவளுக்குத் தனியா இருக்கப் பயம்மா. நான் பக்கத்துலயே இருந்துட்டுப் போறேன்."