கடைசி வரிசையும்தான்

தொழுகையில், சஜ்தாவில் நெற்றி தரையில் இருக்கும்போது ஒலிபெருக்கி நின்றுபோனால், எப்போது தலையைத் தூக்குவது? அந்த வெள்ளிக்கிழமை எனக்குத் தெரியவில்லை.

பள்ளிவாசலில் பெண்கள் தொழும் மாடி அறைக்குச் சன்னல்கூடக் கிடையாது. கீழே இமாம் சொல்வது ஒரு பழைய ஒலிபெருக்கி வழியாகத்தான் வரும். அன்று அது கரகரவென்று இழுத்து அடங்கிவிட்டது. "அல்லாஹு அக்பர்" கேட்டால் எழலாம் என்று எல்லாரும் குனிந்தே கிடந்தோம். என் மூக்கு அரித்தது. பிறகு மின்விசிறியும் நின்றது. கடைசியில் துடைப்பத்தோடு வந்த காவலாளி, "இன்னுமா தொழறீங்க? கீழ பூட்டியாச்சே!" என்றார்.

சிரித்துவிட்டோம். சாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

சாச்சி என் உம்மாவின் தங்கை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பயிற்சி வண்டியில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதனால் ஊருக்கே அவள் 'பிரேக் சாச்சி'. தொழுகை நேரம் வந்தால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, பின் இருக்கையிலிருந்து விரிப்பை எடுப்பாள். "பொம்பளைகிட்டயா கத்துக்கறது?" என்று முகம் சுளித்தவர்களும் அந்த பிரேக்கை நம்பித்தான் வீடு வந்து சேர்ந்தார்கள். பள்ளிவாசல் நிர்வாகத் தலைவரும் அவர்களில் ஒருவர்.

அன்றே அவரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"அண்ணே, இனிமே நாங்களும் கீழ, கடைசி வரிசையில நின்னு தொழறோம்."

"எதுக்கும்மா சிரமம்? வீட்டுலயே தொழலாமே."

"தொழலாம்தான். வீட்டுல யாரும் எங்களை மறந்துட்டுப் பூட்டமாட்டாங்க. பின்னாடி யாருன்னு கண்ணாடியில பாக்காம வண்டிய எடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

அவர் காதைச் சொறிந்தார். "புது ஸ்பீக்கர் போட்டுடறோம்."

"போடுங்க. நாங்களும் வர்றோம்."

அடுத்த வெள்ளிக்கிழமை வாசலிலேயே உம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லார் முன்னாடியும் வெளிய போன்னுட்டா? அப்புறம் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியுமாடி?"

"பயமாத்தான் இருக்கு அக்கா. ஆனா இது என் பள்ளிவாசலும்தான்."

சாச்சி உள்ளே போய்க் கடைசியில் நின்றாள். நாங்கள் அவள் பக்கத்தில் நின்றோம். கழுத்துகள் திரும்பின. முன்வரிசையிலிருந்த தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இமாம் திரும்பி, எப்போதும் சொல்வதையே சொன்னார்: "வரிசையை நேராக்குங்க." எங்களைப் பார்த்தார். "கடைசி வரிசையும்தான்."

தலைவர் வாயை மூடிக்கொண்டு முன்பக்கம் திரும்பினார். சாச்சி தன் தோளை என் தோளோடு சேர்த்தாள்.

இப்போது இமாமின் குரல் நேராகவே காதில் விழுகிறது. உங்கள் பள்ளிவாசலிலும் சன்னலில்லாத மாடி அறை இருந்தால், அங்கே தொழுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். கீழே தொழுகிறவர்களிடமும்.