கப்பல் கட்டும் மாப்பிள்ளை

எங்கள் மாமா பொய் சொல்லவில்லை. "பையன் கப்பல் கட்றாருங்க" என்றுதான் பெண்ணின் அப்பாவிடம் சொன்னார். நானும் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். நான்கடி நீளத்தில், வீட்டு அலமாரியின் மேல்.

எழுபதுகளின் தொடக்கம். பொன்னேரிப் பக்கம் ஒரு கிராமத்தில் பெண் பார்க்கப் போயிருந்தோம். எனக்கு இருபத்தொன்பது வயது. அதற்கு முன் நான்கு இடம் தட்டிப்போயிருந்தது. எல்லாம் என் வாயால்தான்; அதாவது, அதைத் திறக்காததால். ஒரு வீட்டில் பையன் ஊமையா என்று ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அதற்கும் மாமாதான் பதில் சொன்னார்.

இந்தப் பெண்ணின் அப்பா நெல் பயிரிடுகிறவர்.

"கப்பலா? எங்க?"

"கும்முடிப்பூண்டியிலதான்."

கும்மிடிப்பூண்டியில் கடல் இல்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த வருடங்களில் எங்கள் ஊரில் பார்த்த பக்கமெல்லாம் வேலி போட்டுத் தொழிற்சாலை கட்டினார்கள். உள்ளே ஆகாய விமானம் முட்டை இடுகிறது என்று சொல்லியிருந்தாலும் வெளியூர்க்காரர்கள் தலையாட்டியிருப்பார்கள். அவரும் ஆட்டினார்.

திருத்தியிருக்க வேண்டியவன் நான். நான் பஜ்ஜித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டை வைக்கும்போது அந்தப் பெண், "காரம் ஜாஸ்தி. தண்ணி பக்கத்துலயே கீது" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லியிருந்தாள். என்னிடமிருந்து பதிலை எதிர்பார்க்காமல் என்னோடு பேசிய முதல் ஆள் அவள்தான். இந்த இடம் தட்டிப்போகக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன். வழக்கம்போல யாரிடமும் சொல்லவில்லை.

நான் செய்த உத்தியோகம், தொழிற்சாலைக்கு வரும் இயந்திரங்களின் மரப்பெட்டிகளைக் கடப்பாரையால் பிரிப்பது. ஒரு பெட்டியில் அடைத்திருந்த வெளிநாட்டுக் காகிதங்களில் ஒரு கப்பலின் படம் அளவுகளோடு இருந்தது. இங்கிலீஷ் தெரியாது, எண்கள் தெரியும். நானூற்றெண்பது அடி. பத்தடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்தால் நாற்பத்தெட்டு அங்குலம். ஐந்தாம் வகுப்போடு என்னை அனுப்பிவிட்ட பள்ளிக்கூடம் பத்தால் வகுக்கவாவது சொல்லிக்கொடுத்தது, நன்றாக இருக்கட்டும். பெட்டிப் பலகையை மேஸ்திரியிடம் கேட்டு எடுத்துவந்தேன். "அடுப்புக்கா?" என்றார். கப்பலுக்கு என்று சொல்லி விளக்குவதைவிட ஆமாம் என்பது சுலபமாக இருந்தது. கப்பலின் பக்கவாட்டில் குட்டிப் படகுகளைத் தொங்கவிடச் சின்னக் கொக்கிகள் தேவைப்பட்டன. "உன் கப்பலுக்கு என் ரவிக்கதான் கெடச்சுதா, நைனா?" என்றார் அம்மா.

மூன்று வருடத்தில் முன்பாதி முடிந்திருந்தது. பின்பாதி வெறும் எலும்புக்கூடு. அப்போதுதான் பெண்ணின் அப்பாவும் அவருடைய அக்காவும் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள்.

உப்புமா சாப்பிட்டுக் கை கழுவியதும் பெண்ணின் அப்பா, "கப்பல் கட்ற எடத்த ஒரு தபா பாத்துட்டு வந்துடலாமா, தம்பி?" என்றார்.

மாமாவுக்கு உடனே வெற்றிலை வாங்கும் ஞாபகம் வந்துவிட்டது. செருப்பைக்கூடப் போடாமல் போனார்.

எனக்காகப் பேச ஆள் இல்லை. ஸ்டூலைப் போட்டு ஏறிக் கப்பலை இறக்கி, பாயில் அவர் முன்னால் வைத்தேன்.

"இன்னா இது?" என்றார் அக்கா.

"கப்பல்." என் வாயிலிருந்து அவர்கள் கேட்ட முதல் வார்த்தை.

"இதுலயா எங்க பொண்ண ஏத்திக்கினு போவப் போற? ஒரு எலி குந்த முடியாதே! எழுந்திருடா, போலாம். பேஜாரு புடிச்ச குடும்பமா கீது."

அவர் எழுந்திருக்கவில்லை. கப்பலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தினி வருசமா செய்றீங்க?"

"மூணு."

"எப்ப செய்வீங்க?"

"வேல உட்டு வந்து. இருட்ற வரைக்கும்."

"தெனமுமா?"

"தெனமும்."

"ஞாயித்துக்கெழம?"

"முழு நாளும்."

அவர் வாசல் வழியே எதிரே பார்த்தார். அரசாங்கம் சாராயக்கடைகளைத் திறந்துவிட்டிருந்த சமயம். எங்கள் சாலையிலும் ஒன்று வந்திருந்தது. பகலிலேயே இரண்டு பேர் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அங்க போறதில்லியா?"

"நேரமில்லீங்க."

அக்கா மறுபடி வாயைத் திறந்தார். "நீ சும்மா இரு யக்கா," என்றார் அவர். "பெரிய மாப்ளைக்கு சர்க்கார் உத்தியோகம்னு குதிச்சியே. பொழுது சாஞ்சா எந்த வரப்புல கெடக்கறாருன்னு நாந்தான டார்ச் எடுத்துக்கினு தேடறேன்?"

அவர் எலும்புக்கூடாக இருந்த பின்பாதியை விரலால் தடவினார்.

"இது முடிய இன்னும் எத்தினி வருசம் ஆவும்?"

யோசித்து, உள்ளதைச் சொன்னேன். "ரெண்டு."

அவர் முகம் வாடியது. எல்லாம் கெட்டது என்று நினைத்தேன்.

"அவ்ளோதானா?" என்றார். "எதுக்கு அவசரம்? மெதுவாவே பண்ணுங்க, மாப்ள."

அதன் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார். பேரப்பிள்ளைகள் காலைக் கட்டிக்கொண்டு நிற்க, நேராக அலமாரிக்குப் போய்க் கப்பலில் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று சாண் போட்டு அளப்பார். நிறைய இருந்தால்தான் நிம்மதியாகச் சாப்பிட உட்காருவார்.