கை தூக்கும் வரை

என் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் கையெழுத்துப் போட மட்டும்தான். கூப்பிடும் பெயர் அத்தான் வைத்தது. அவருக்குக் காது கேட்காது, வாய்ப்பேச்சும் கிடையாது. கல்யாணமான புதிதில், மோதிர விரலையும் சுண்டு விரலையும் மட்டும் நிமிர்த்தி, அக்காவுக்கு மச்சம் இருக்கிற இடத்தைத் தன் கன்னத்தில் இரண்டு முறை தட்டிக் காட்டினார். அன்றிலிருந்து அவள் அதுதான்.

மூவருக்கும் ஒரே அச்சகத்தில் வேலை. அத்தான் ஒரு கோடியில் அச்சு இயந்திரம் ஓட்டுவார். நானும் அக்காவும் மறு கோடியில் தாள் மடித்துத் தைத்து அட்டை ஒட்டுவோம். இயந்திரம் ஓடத் தொடங்கினால் நாங்களெல்லாம் தொண்டை கிழியக் கத்துவோம். அவர்கள் இருவர் மட்டும் கையாலேயே ஊர்க்கதை முழுக்கப் பேசி முடித்துவிடுவார்கள். அதில் ஓர் ஒழுங்கு உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால், கூப்பிடப்பட்டவர் கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். தூக்கும் வரை மற்றவர் விடமாட்டார்.

போன வருடம் அத்தான் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். மற்றதெல்லாம் பேசினார், பெயரை மட்டும் சொல்லவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் நடந்து வந்து மேசையைத் தட்டுவார்.

"என் பேரே மறந்துபோச்சுடி அவருக்கு," என்றாள் அக்கா.

"நேராக் கேளேன்."

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் இயந்திரம் நிற்கும்போதெல்லாம் அவள் அந்தக் கோடியைப் பார்ப்பதைக் கண்டால் திட்டவும் மனம் வராது. இதற்கிடையில் அவளுடைய வலது தோள் இறுகிப்போனது. கை காதுக்கு மேலே எழும்பவில்லை. நான்தான் காலையில் போய்த் தலை வாரிவிடுவேன்.

அப்படிப் போன ஒரு காலையில் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் அத்தான் நின்றிருந்தார். வலது கையின் கடைசி இரண்டு விரல்களை இடது கையால் இழுத்து முடிந்த மட்டும் நிமிர்த்திக் கன்னத்துக்குக் கொண்டுபோனார். விட்டதும் அவை மடங்கிக்கொண்டன. மறுபடி இழுத்தார். நான் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கையிலிருந்து விரல் வரை தோலுக்கடியில் சணல் கயிறு போல ஒன்று விறைப்பாக ஓடியது.

'இடது கை இல்லையா?' என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சைகையில் கேட்டேன்.

அதில் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுவது போல இருக்கிறதாம். தலையில் அடித்துக்கொண்டேன்.

வளைந்த விரல்களை அக்காவும் பார்த்திருந்தாள். இயந்திரக்காரர் கை காய்த்துப்போய் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் சீப்பைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்து அழுதாள்.

இருவரையும் டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

"கொலாஜன்னு ஒரு புரதம்மா," என்றார் டாக்டர். "காயம் ஆறணும்னா உடம்பு அதை நிறைய உண்டாக்கும். ஆறினதும் நிறுத்திக்கணும். இவர் உள்ளங்கையில நிறுத்தாம உண்டாக்கிக்கிட்டே இருந்திருக்கு, அதான் கயிறா இழுக்குது. உங்க தோள்லயும் கிட்டத்தட்ட இதே கதைதான். மூட்டைச் சுத்தி இருக்கிற உறை தடிச்சு இறுகிடுச்சு. பயிற்சி பண்ணுங்க, மெல்ல இளகும்."

அத்தானுக்கு மரத்துப்போக மருந்து போட்டு, ஊசி முனையாலேயே அந்தக் கயிற்றை அறுத்து விரல்களை நிமிர்த்தினார்.

"திரும்ப வருமான்னு கேக்கறார்," என்றாள் அக்கா.

"வரலாம். எப்போன்னு சொல்ல முடியாதும்மா."

கட்டுப் பிரித்து, அத்தான் வேலைக்குத் திரும்பிய அன்று இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்தபோது அந்தக் கோடியில் அவர் இரண்டு விரல்களையும் கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். அவர் மறுபடி தட்டினார். மறுபடியும். மை படிந்த கன்னத்தோடு விடாமல் கூப்பிட்டார்.

"கையைத் தூக்கேன்!" என்று அவள் காதில் கத்தினேன்.

"தோள் வலிக்குதுடி."

"இடது கைக்கு என்ன கேடு?"

அவள் அவரிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தூக்கினா நிறுத்திடுவாரேடி," என்றாள்.