வெள்ளம் வந்தால் குடம்

கடலோடு வாழ்வது எப்படி என்று சொல்லித்தர எங்கள் பக்கத்துச் சபைக்காரர்கள் ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். வைத்த இடம் உதியன்குளங்கரை. அங்கே கடலும் இல்லை, கடற்கரையும் இல்லை. ஏசி போட்ட ஹால் உண்டு. அதனால் கடலோரத்துப் பொழியூர்க்காரர்களை வேனில் அள்ளிக் கொண்டுவந்து இறக்கினார்கள். கடலுக்குப் பக்கத்தில் போய்ப் பேசினால் பேச்சாளரின் ஷூ நனைந்துவிடும் அல்லவா?

நான் கொல்லயிலில் இருந்து போனேன், என் மைனிக்குத் துணையாக. அண்ணனும் மைனியும் இருப்பது பொழியூரில். போன மழைக்குக் கடல் அவர்கள் வீட்டு அடுக்களையைக் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இரண்டு அறை. அடுத்த மழைக்கு முன்னால் வீட்டை விட்டு இறங்குவதா, இருந்து பார்ப்பதா என்று இருவருக்கும் ஓயாத சண்டை. "வெவரம் உள்ள மனுசன் வாறாராம். அவர்ட்ட ஒரு வாக்கு கேட்டுருவோம் மக்கா," என்று மைனி கிளம்பினாள்.

பேச்சாளர் எல்லைக்கு அந்தப்புறம், தமிழ்நாட்டில் வடக்கே எங்கிருந்தோ வந்திருந்தார். சும்மா சொல்லக்கூடாது, ஆள் கில்லாடி. காதோரம் மைக், கையில் துண்டுக் காகிதம் கிடையாது. எங்களை எழுப்பினார், உட்கார வைத்தார், வரிசை வரிசையாகக் கையைத் தூக்கச் சொல்லி ஹாலுக்குள்ளேயே அலை அடிக்க வைத்தார். வீட்டைக் கடலுக்குக் கொடுத்த பெண்கள் அலையாக ஆடினார்கள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். வாயாலேயே வடை சுட்டு அதற்குச் சட்னியும் அரைத்துவிடுகிற மனிதர்.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வெள்ளம் வந்தால் முதலில் எதை எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள்?"

"கொடத்த," என்றாள் மைனி, யோசிக்காமல்.

"கொடமும் பக்கெட்டும்," என்றாள் பக்கத்தில் இருந்தவள். "நேரத்துக்கு ஓடல்லேன்னா கிட்டாதாக்கும் சாரே."

மலையாளம் கலந்த எங்கள் ஊர்ப் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர், குடிக்கிற தண்ணீர். குழாயில் அது எப்போது வரும் என்று அந்த வெள்ளத்துக்கே தெரியாது. வந்தால் ஓடத்தான் வேண்டும். பேச்சாளருக்கு இது எங்கே தெரியும்? முகம் கறுத்துப்போய், பொருளாசை மனிதனை எப்படி மூழ்கடிக்கும் என்று ஆரம்பித்துவிட்டார். குடத்தை விடுங்கள், உயிரைப் பிடியுங்கள் என்று உருகினார். "கொடம் இல்லாம எப்படிச் சாரே?" என்று பின்வரிசையில் ஒருத்தி நிஜமாகவே கவலைப்பட்டாள். கடைசியில் சபைப் போதகர்தான் பொறுக்கமாட்டாமல் எழுந்துபோய் அவர் காதில் விஷயத்தைப் போட்டார்.

கொஞ்சமாவது கூசுவார் என்று பார்த்தேன். எங்கே! "அற்புதம்! இனி போகிற ஊரிலெல்லாம் இதைச் சொல்வேன்," என்று குதித்தார்.

கேள்வி நேரம் வந்தது. மைனி முந்தானையைச் சொருகிக்கொண்டு எழுந்தாள். "சாரே, எங்க அடுக்களைய கடலு கொண்டு போச்சு. ரெண்டு முறி பாக்கி உண்டு. புள்ளைகளயும் கொண்டு நாங்க எறங்கவா, இருக்கவா? அத மட்டும் சொல்லுங்க, போதும்."

"எவ்வளவு துணிச்சலான கேள்வி! இந்த அம்மாவுக்கு எல்லோரும் பலமாக ஒரு கைதட்டல்!"

தட்டினார்கள், ஹால் அதிர. சத்தம் ஓயும்வரை மைனி நின்றாள். ஓய்ந்ததும், "கையடி எல்லாம் செரி. எறங்கவா, இருக்கவா?" என்றாள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். உடனே யாரோ டீ ரெடி என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மைக்கைப் பிடுங்கி டீக்குள் முக்கிவிடலாம் போலிருந்தது. கூட்டம் பிஸ்கட்டைப் பார்த்து நகர்ந்துவிட்டது. மைனி டீ வேண்டாம் என்று நேரே வேனில் போய் ஏறிக்கொண்டாள்.

நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்குக் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நல்லா பேசினாரு மக்கா. ஊரு ஊரா நம்ம கொடத்தச் சொல்லிச் சிரிப்பாராக்கும். சிரிக்கட்டு," என்றாள். "அந்தக் கொடக்காரி இப்பம் எங்க இருக்கான்னு எவனாவது கேட்டா, என்னத்த சொல்லுவாரு?"