பின்னறைக் கம்ப்யூட்டரில் இருந்த படம்

திண்டிவனத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் மூன்று அறைகள் ரயில் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. தெருவைப் பார்த்த முன்னறை எங்கள் டிடிபி கடை. நடுவில் கூடம். பின்னால் படுக்கையறை, அதையொட்டி அடுப்படி. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கோர்ட்டுக்குப் போகிறவர்களின் மனு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்போம். என் கணவர் வடிவமைப்பார், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வார், வந்தவர்களோடு சத்தமாகச் சண்டையும் போடுவார். நான் டைப் அடிப்பேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

2005 வாக்கில் அவருக்குத் தொண்டை கரகரத்தது. கடைத் தூசி என்று நினைத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் காட்டியபோது குரல்வளையில் புற்று என்றார்கள். எடுத்துவிட வேண்டும், எடுத்தால் குரல் வராது, கழுத்தில் போடும் துளை வழியாகத்தான் இனி மூச்சு என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது, "கடையில மெஷினுக்குத் துணி போட்டு மூடினியா?" என்று கேட்டார். மூடிவிட்டுத்தான் வந்தேன் என்றேன். அவர் குரலை நான் கேட்டது அதுதான் கடைசி.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். அது சரிப்படவில்லை. அவர் பின்னறைக் கட்டிலில் இருப்பார், நான் கடையில் இருப்பேன். ஏதாவது வேண்டும் என்றால் டம்ளரை மேஜைமேல் தட்டுவார். நான் கூடத்தைத் தாண்டி ஓடிப்போய்ப் பார்த்தால், "ஃபேனைக் குறை" என்று எழுதியிருக்கும். திரும்பி வருவதற்குள் கடையில் நின்றவர் போயிருப்பார்.

வழி கண்டுபிடித்தது அவர்தான். எங்களிடம் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. எக்ஸ்பி போட்ட மெஷினில் நான் வேலை செய்தேன். விண்டோஸ் 98 போட்ட பழையது மூலையில் தூசி பிடித்துக் கிடந்தது. அதைப் பின்னறைக்குத் தூக்கச் சொன்னார். கதவுக்கு மேலிருந்த காற்றுத் துளைகள் வழியாக ஒரு நீல வயரைக் கூடத்தைக் கடந்து இழுத்து, இரண்டு மெஷினையும் நேராக இணைத்தார். என் மெஷினில் 'பேச்சு' என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, பின்னறை மெஷினிலிருந்து திறக்கும்படி வைத்தார். அதற்குள் ஒரே ஒரு நோட்பேட் ஃபைல். அவர் அதில் டைப் செய்து சேமித்துவிட்டு டம்ளரைத் தட்டுவார். நான் இங்கே மூடித் திறந்தால் அவர் எழுதியது இருக்கும்.

"யாரு வந்தது?"

"அந்தாளு போன தடவையே அஞ்சு மொற ப்ரூஃப் மாத்தினவன். கையெழுத்து வாங்கிக்கினு பிரிண்டுக்குக் குடு."

"வெந்நீ."

அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். அதனால் நான் இருந்த இடத்திலிருந்தே கத்திப் பதில் சொல்வேன். கடைக்குப் புதிதாக வந்தவர்கள், இந்த அம்மா ஸ்கிரீனைப் பார்த்துத் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறதே என்று விழிப்பார்கள். சண்டைகூடப் போட்டோம். "நீ வெச்ச கொழம்புல உப்பே இல்ல" என்று எழுதினார். "நாக்குல ருசி இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு, என்னைச் சொல்றியா?" என்று கத்தினேன். எதிரில் நின்ற மாப்பிள்ளை வீட்டார் ஓரடி பின்வாங்கினார்கள்.

ஒரு நாள் காலை கடையைப் பெருக்குவதற்காக மேஜையைக் கொஞ்சம் இழுத்தேன். நீல வயரின் முனையில், அதைப் பிடித்து நிறுத்துகிற பிளாஸ்டிக் கொக்கி ஏற்கெனவே ஒடிந்திருந்தது. மேஜை நகர்ந்ததும் முனை நழுவிவிட்டது. எனக்குத் தெரியவில்லை. பெருக்கி முடித்து வேலையில் உட்கார்ந்தேன். ஃபைலைத் திறந்து பார்த்தேன், பழைய வரிகளே இருந்தன. தூங்குகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கூடத்தில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவர் சுவரைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார். முகம் கறுத்திருந்தது. கழுத்துத் துளையில் வைத்திருந்த குழாயைக் கையால் பிடித்திருந்தார். சளி உறைந்து அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி உள்குழாயை உருவினேன். உப்புத் தண்ணீர் விட்டேன். கெட்டியாக ஒரு கட்டி வெளியே வந்தது. அதற்குப் பின்தான் மூச்சு ஓடியது. கூடத்துத் தரையிலேயே இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

பின்னறைக்குப் போய்ப் பார்த்தேன். ஸ்கிரீனில், "மூச்சு முட்டுது வா" என்று இருந்தது. அதன்மேல், சேமிக்க முடியவில்லை என்கிற சின்னப் பெட்டி நின்றது. டம்ளர் கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது.

அன்று மாலை அவர் சிலேட்டை எடுத்து, "நீ கத்துக்கோ" என்று எழுதினார். கோபமாக எழுதவில்லை. பயந்து எழுதினார் என்பது எழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அடுத்த சில வாரங்கள், வேலை ஓய்ந்த மதியங்களில் அந்த இரண்டு மெஷினோடும் மல்லுக்கட்டினேன். வயர் சொருகுகிற இடத்தில் ஒரு பச்சை விளக்கு எரிய வேண்டும். இரண்டு மெஷினுக்கும் வீட்டு நம்பர் மாதிரி ஒரு எண் உண்டு, கடைசி இலக்கம் மட்டும் வேறாக இருக்க வேண்டும், மற்றவை ஒன்றாக இருக்க வேண்டும். எக்ஸ்பியில் ஃபயர்வால் என்று ஒரு காவல்காரன் உண்டு, அவன் விழித்திருந்தால் பின்னறையிலிருந்து வருவதை உள்ளே விடமாட்டான். 98 திறக்கும்போது பாஸ்வேர்ட் கேட்டு ஒரு பெட்டி வரும், காலியாகவே விட்டு ஓகே கொடுக்க வேண்டும். தப்பித் தவறி கேன்சல் செய்தால் மெஷின் திறந்துகொள்ளும், ஆனால் அதற்கு அடுத்த மெஷின் கண்ணில் படாது. இதையெல்லாம் அவர் கட்டிலில் உட்கார்ந்து விரலால் காட்டினார். நான் தப்பு செய்தால் தலையில் அடித்துக்கொண்டார். நான் சரி செய்தால் ஒன்றும் செய்யமாட்டார், சாய்ந்து படுத்துக்கொள்வார். தினமும் காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாகப் பச்சை விளக்கைப் பார்ப்பேன்.

ஒன்றரை வருஷம் போல அப்படி ஓடியது. நடுவில் உடம்பு கொஞ்சம் தேறியபோது, அவர் தம்பி எங்களைப் பெருமுக்கல் மலைக்குக் கூட்டிப் போனார். என் கொழுந்தனார் கண்டாச்சிபுரம் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விவசாயம் செய்கிறவர், மகன் வாங்கிய டிஜிட்டல் கேமராவை இரவல் கொண்டுவந்திருந்தார். பாதி மலை ஏறுவதற்குள் என் கணவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு பாறையில் உட்கார்ந்தார். கழுத்தைச் சுற்றித் துண்டு. காற்றில் முடி பறக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கீழே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கொழுந்தனார் ஒரு படம் எடுத்தார். அன்று எடுத்த படங்களை ஒரு ஸ்டுடியோவில் சிடியில் போட்டு வாங்கித் தந்தார். கணவர் அதைப் பின்னறை மெஷினில் ஏற்றி வைத்துக்கொண்டார்.

பிறகு கழுத்தின் இன்னொரு பக்கம் வீங்கியது. மறுபடி புதுச்சேரி. இந்த முறை அறுப்பதற்கு ஒன்றுமில்லை என்றார்கள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்த அந்த மாதங்களில்தான் கடைக்கு பிராட்பேண்ட் வந்தது. பத்திரிகை மேட்டரை ஈமெயிலில் அனுப்புகிறோம் என்று அச்சகத்தார் நெருக்கினார்கள். நான் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நாள், சாவி வாங்கிய கொழுந்தனார் முன்னிலையில் யாரோ வந்து மாட்டிவிட்டுப் போனார். வீட்டுக்குத் திரும்பிய என் கணவருக்கு டைப் அடிக்க விரல் எழவில்லை. பின்னறை மெஷினைத் திறக்கவே இல்லை. வயர் என்ன ஆயிற்று என்று நானும் பார்க்கவில்லை.

அவர் ஒரு விடியற்காலையில் இறந்தார். பக்கத்தில் நான் இருந்தேன். துளையில் மூச்சு வரும் சத்தம் சன்னமாகி நின்றது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

காலை எட்டு மணிக்கெல்லாம் கூடத்தில் ஐஸ் பெட்டி வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். நாலு மணிக்கு எடுப்பது என்று முடிவானது. கொழுந்தனார் என்னிடம் வந்து குனிந்து சொன்னார்:

"அண்ணி, போஸ்டர் போடணும். ஊருக்கே போட்டவரு, அவருக்கு இல்லாம இருக்கக் கூடாது. வேற கடையில குடுக்கட்டுமா?"

"வாணாம். நானே பண்றேன்."

"படம்? ஓட்டர் ஐடில இருக்கறத எடுத்துக்கலாமா?"

அந்தப் படத்தில் அவர் திருடனைப் போல இருப்பார். ஆஸ்பத்திரிக்காக எடுத்த படங்களில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. "மலையில நீங்க எடுத்தீங்களே, அது உள்ள மெஷின்ல இருக்கு. அதை ஆன் பண்ணுங்க" என்றேன்.

அந்தப் படம் பின்னறையில். போஸ்டர் அடிக்கும் மெஷின் முன்னறையில். படம் வந்த சிடி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பழைய மெஷினுக்கு பென் டிரைவ் தெரியாது, அதன் ஃப்ளாப்பி எப்போதோ செத்துவிட்டது. இருந்த ஒரே வழி நீல வயர்.

கடைக்குப் போய் மேஜைக்கு அடியில் குனிந்தேன். வயரின் முனை தரையில் கிடந்தது. அது இருந்த துளையில் பிராட்பேண்ட் வயர் சொருகியிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருகினேன். காகிதத்தை மடித்து இடுக்கில் வைத்து அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. கூடத்தின் வழியாகப் பின்னறைக்குப் போனேன். ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தோளைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். 98 மெஷின் திறந்திருந்தது. 'பேச்சு' ஃபோல்டரைச் சொடுக்கினேன். கிடைக்கவில்லை என்றது.

மறுபடி அவரைத் தாண்டிக் கடைக்கு வந்தேன். என் மெஷினின் எண் மாறியிருந்தது, பிராட்பேண்ட் மாட்டியவர் மாற்றியிருக்கிறார். பழைய எண்ணைப் போட்டேன். ஃபயர்வாலும் விழித்திருந்தது. நிறுத்தினேன். மறுபடி கூடம். என் நாத்தனார் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது:

"கட்டினவன் கெடக்கிறான். இவ கம்ப்யூட்டரு பொட்டி முன்னால போய் குந்திக்கினு கீறா."

நிற்கவில்லை. பின்னறையில் மறுபடி சொடுக்கினேன். மறுபடி கிடைக்கவில்லை. மெஷினின் பக்கவாட்டில் அடித்தேன். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. கீபோர்டில் தலையைக் கவிழ்த்து அழுதேன். அவர் இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார், விரலால் எதையாவது காட்டியிருப்பார். எதைக் காட்டியிருப்பார் என்று யோசித்தேன்.

கொழுந்தனாரைக் கூப்பிட்டேன். "இத ஆன் பண்ணப்ப பாஸ்வேர்ட் கேட்டுதா?"

"கேட்டுச்சி அண்ணி. எனக்குத் தெரியல. கேன்சல் பண்ணேன், தொறந்துக்கிச்சி. தப்பா?"

"இல்ல, பரவால்ல."

மெஷினை அணைத்துப் போட்டேன். அந்தக் கிழட்டு மெஷின் எழுந்திருக்கும்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். தலையணை இன்னும் அமுங்கியே இருந்தது. பாஸ்வேர்ட் பெட்டி வந்ததும் ஓகே கொடுத்தேன். 'பேச்சு' திறந்தது. மலைப் படத்தை அதில் போட்டேன். கோடு மெல்ல மெல்ல நிரம்பியது.

கடைக்கு வந்து பார்த்தேன். அவர் பேசிய ஃபைலுக்குப் பக்கத்தில் படம் வந்து சேர்ந்திருந்தது. ஃபைலைத் திறக்கவில்லை. நேரமில்லை, தெம்பும் இல்லை. தோற்றம், மறைவு என்று தேதிகளை டைப் செய்தேன். எத்தனையோ வீட்டுக்கு அடித்த வார்த்தைகள்தான், விரல் தானாக அடித்தது. 'மனைவி' என்று போட்டு என் பெயரை அடிக்கும்போது மட்டும் எழுத்துகள் தேடியும் கிடைக்கவில்லை. சிடியில் ஏற்றி, அச்சகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கொழுந்தனாரிடம் கொடுத்தேன். மதியத்துக்குள் தெருமுனையிலும் பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் அவர் கண்ணைச் சுருக்கி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போய்க் கூடத்தில் உட்கார்ந்தேன். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடையைத் தொடர்ந்து நடத்தினேன். வேறு வழி எனக்குத் தெரியாது. கொஞ்ச காலம் கழித்து, கரண்டு போய்ப் போய் வந்த ஒரு மழைக்காலத்தில், எக்ஸ்பி மெஷின் திறக்க மறுத்தது. உள்ளே டக் டக் என்று ஒரு சத்தம் மட்டும். அதைப் பையில் கட்டி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் போனேன். கடைக்காரர் கழற்றிக் காதில் வைத்துக் கேட்டார்.

"ஹார்டு டிஸ்க்கு பூட்ச்சிக்கா. ஒண்ணும் எடுக்க முடியாது. மெட்ராஸ்ல வேணா குடுத்துப் பாக்கலாம், அங்கயும் பேஜாருதான், நிச்சயமில்ல. உள்ள முக்கியமானது எதுனா இருந்திச்சா?"

வேலையெல்லாம் இருந்தது, திரும்ப அடித்துக்கொள்ளலாம் என்றேன். படத்தின் பிரிண்ட் வீட்டில் மாட்டியிருக்கிறது. போனது அந்த ஒரு நோட்பேட் ஃபைல்தான். வெந்நீ, யாரு வந்தது, கொழம்புல உப்பே இல்ல. ஒரு மனுஷன் கடைசியாகப் பேசியதெல்லாம். சென்னைக்குக் கொண்டுபோகலாமா என்று பஸ் ஸ்டாண்டு வரை யோசித்தேன். திண்டிவனம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறிக்கொண்டேன்.