நேட்டால் காகிதத்தில் விடுபட்ட பெயர்

அன்று அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் வக்கீல் ஞானமுத்து ஐயா. அவருக்குப் பக்கத்தில் குமாஸ்தா சாமுவேல். கொழும்புக்குப் போக முறை பார்த்து உட்கார்ந்திருந்த குலசேகரன்பட்டினம் கருப்பட்டி வியாபாரி பால்பாண்டி. என் மருமகள் இசக்கி. அவள் இடுப்பில் நாலு வயதுப் பேத்தி. பிறகு நான். ஆறு பேர். இதில் வியாபாரி கொழும்பிலேயே கண்ணை மூடிவிட்டார். வக்கீல் ஐயா போன செவ்வாய்க்கிழமை போய்விட்டார்.

துஷ்டிச் செய்தியைக் கொண்டுவந்தவர் சாமுவேல். ஏரல் சந்தையில் வெற்றிலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். குடையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

“ஆச்சி, ஐயா போயிட்டாக.”

“எந்த ஐயா?” என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

அவர் துணியில் சுற்றிய ஒன்றை என் கையில் வைத்தார். “இத உங்க கையிலதான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாக. வேற யாரும் பிரிக்கப்பிடாதாம்.”

எனக்கு அழுகை வரவில்லை. தொட்டதுமே அந்தக் காகிதம் என்று தெரிந்துவிட்டது. ஆறு வருஷம் பெட்டியில் பூட்டி வைத்திருந்ததைச் சாகிற நேரத்தில் எதற்கு அனுப்புகிறார், இதில் என்ன சூழ்ச்சி என்றுதான் முதலில் தோன்றியது. நான் அப்படிப்பட்டவள். அவரைத் தெரிந்து, அவருக்காகக் கூடியிருக்கிற உங்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும்.

பாளையங்கோட்டையில் வரப்புத் தகராறுக்கும் வெட்டுக்குத்துக்கும் எத்தனையோ வக்கீல்கள். இவர் கப்பல் காகித வக்கீல். அக்கரைக்குப் போன ஆண்பிள்ளை பெண்டாட்டி பிள்ளையை அழைத்துக்கொள்ள வேண்டுமானால், இவள் இன்னாருடைய பெண்டாட்டி, இது இன்னாருடைய பிள்ளை என்று சர்க்கார் கச்சேரி முத்திரையோடு காகிதம் வேண்டும். தென்னாப்பிரிக்காவில், நேட்டாலில் அது இல்லாமல் கரையில் கால் வைக்க விடமாட்டார்கள். என் மகன் ஆறுமுகம் அங்கேதான் இருந்தான். கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் காலம் முடித்து, சொந்தமாகக் காய்கறி போட்டுக்கொண்டிருந்தான். இசக்கி மாசமாக இருந்தபோது போனவன். மகள் முகத்தைப் பார்த்ததில்லை. “என் அம்மை பேரை வை” என்று கடிதத்தில் எழுதினான். வைத்தோம். பிறகு, “ரெண்டு பேரையும் அனுப்பி வை” என்று எழுதினான். அதற்காகத்தான் நாங்கள் வண்டி கட்டிக்கொண்டு வக்கீலிடம் போனோம்.

அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு அவர்மேல் சந்தேகம் விழுந்துவிட்டது.

“ஆச்சி, உங்க வீட்டு வாசல் எந்தப் பக்கம் பாத்திருக்கு?”

“எதுக்குக் கேக்கீரு? கன்னம் வச்சித் திருடவா?”

வியாபாரி பால்பாண்டி தொடையைத் தட்டிச் சிரித்தார். “வக்கீலய்யா, இந்த ஆச்சிகிட்ட தப்பிச்சிட்டீருன்னா எந்தத் துரையும் உமக்குத் தூசிவே!”

வக்கீல் சிரிக்கவில்லை. “அங்கன உங்க மகன்கிட்டயும் இதையேதான் கேப்பாங்க, ஆச்சி. அவன் கிழக்குன்னு சொல்லி, நீங்க தெக்குன்னு சொன்னா, புள்ளை அதே கப்பல்ல திரும்பிரும்.”

வடக்கு என்று சொன்னேன். வடக்குதான். அடுக்களை எந்த மூலை, கிணறு யாருடைய கிணறு, எத்தனை மாடு என்று எல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் உண்மைதான் சொன்னேன். ஒன்றைத் தவிர.

எங்களுக்கு முன்னால் ஒருவன் வந்திருந்தான். அண்ணன் மகளைத் தன் மகள் என்று எழுதித்தரச் சொன்னான். கெஞ்சினான், காலைக்கூடப் பிடித்தான். வக்கீல் எழுந்து கதவைக் காட்டினார். “காகிதத்துல ஒரு பொய் இருந்தா கப்பல்ல ஒரு ஓட்டைலே. ஓட்டைக் கப்பல்ல நான் யாரையும் ஏத்தமாட்டேன்.” இதைப் பார்த்த எவளுக்கும் நம்பிக்கைதான் வந்திருக்கும். எனக்கு அதுவும் சந்தேகமாகிவிட்டது. நாங்கள் பார்க்க வேண்டும் என்றே ஆளை வைத்து நடத்துகிறாரோ என்று நினைத்தேன். என் தங்கை மகனும் இப்படித்தான், நல்ல பேச்சுப் பேசி ஆள் பிடிக்கிற கங்காணி ஒருவனிடம் பெயரைக் கொடுத்துவிட்டுக் கண்டி மலைக்குப் போனான். பெயர் போன வழியே ஆளும் போனான். எலும்பு கூட வரவில்லை.

பிறகு பேத்தியின் பெயரைக் கேட்டார்.

எங்கள் பக்கம் மருமகள் மாமியார் பெயரைச் சொல்லமாட்டாள். பிள்ளைக்கு என் பெயர். அதனால் இசக்கி வாயிலிருந்து அது வராது. வீட்டில் எல்லோரும் ராசாத்தி என்றே கூப்பிடுவோம். பிள்ளைக்கும் அதுதான் தன் பெயர் என்று நினைப்பு.

“ராசாத்தின்னு கூப்பிடுவோம், ஐயா. வச்ச பேரை அத்தை சொல்லுவாக,” என்றாள் இசக்கி. அந்த நேரம் பார்த்துப் பிள்ளை சிணுங்கியது. தண்ணீர் கொடுக்க வெளியே தூக்கிக்கொண்டு போனாள்.

வக்கீல் என் பக்கம் திரும்பினார். “சொல்லுங்க ஆச்சி. வச்ச பேரு என்ன?”

“அதேதான். ராசாத்தி.”

“கூப்பிடுத பேரு வேற, வச்ச பேரு வேறயா இருக்கப் போவுது. நல்லா யோசிச்சிச் சொல்லுங்க.”

“எம் பேத்தி பேரு எனக்குத் தெரியாதாவே?”

அவர் சாமுவேலிடம் தலையசைத்தார். சாமுவேல் எழுதினார். நான் பொய் சொன்னதற்குப் பாதி சந்தேகம்: நிஜப் பெயர் காகிதத்தில் ஏறாவிட்டால் பிள்ளையை எவனும் கப்பலேற்ற முடியாது. பாதி ஆசை: அந்தப் பிள்ளை என் முதுகோடு ஒட்டிக்கொண்டுதான் தூங்கும். எது பெரிய பாதி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

காகிதம் இங்கிலீஷில் இருந்தது. கட்டைவிரலில் மை தடவி உருட்டினார் சாமுவேல். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். வேதக்கார மிஷன் அம்மாள் ஒருத்தி இரண்டு மழைக்காலம் சொல்லிக்கொடுத்தாள். அதனால் ரேகைக்குக் கீழே என் பெயரையும் எழுதச் சொன்னார். எழுதினேன். அப்போது வக்கீல் வாசலில் வேறு ஆளோடு பேசிக்கொண்டிருந்தார்.

ஐந்து மாதம் கழித்துக் காகிதம் திரும்பி வந்தது. தகப்பன் சொன்ன மகள் பெயர் ஒன்று, காகிதத்தில் இருக்கிற பெயர் வேறு. இது அவனுடைய பிள்ளை என்று ஏற்க முடியாது. தாய் மட்டும் வரலாம். வக்கீல் சொல்லி அனுப்பி நாங்கள் போனோம்.

இசக்கி என்னைப் பார்த்தாள். “அத்தை, நீங்க வச்ச பேரைச் சொல்லத்தானே செஞ்சீக?”

“சொன்னேன்ட்டி. சொன்னதை எழுதாம விட்டா நான் என்ன செய்ய?”

அவள் வக்கீலைப் பிடித்துக்கொண்டாள். வாயில் வராத வார்த்தை இல்லை. “எம் புள்ளை தகப்பன் முகத்தைப் பாக்காமப் போனா அந்தப் பாவம் உம்மையும் உம்ம புள்ளையளையும் சுத்தும்” என்று மண்ணை வாரித் தூற்றினாள்.

வக்கீல் கையில் அந்தக் காகிதம் இருந்தது. மேலே ராசாத்தி. கீழே என் கையெழுத்து. மகன் அங்கே சொன்ன பெயரும் அந்தக் கையெழுத்தும் ஒன்றே என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாமுவேல் வாயைத் திறக்கப் போனார். வக்கீல் கையைக் காட்டித் தடுத்தார்.

“தப்பு என்னோடதுதாம்மா,” என்றார் இசக்கியிடம். “இன்னொரு தரம் கேட்டிருக்கணும். கேக்கலை.”

இரண்டு தரம் கேட்டவர்.

பழைய காகிதத்தைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினார். என் கண் முன்னாலேயே பூட்டினார். புதுக் காகிதத்தில் சரியான பெயரை எழுதினார். அந்தப் பெயரை அவர் என்னிடம் கேட்கவில்லை. புதுக் காகிதத்துக்குப் பதில் வருவதற்கு முன்னால் வேறொரு கடிதம் வந்தது. ஆறுமுகத்துக்குக் காய்ச்சல் கண்டு, எட்டாம் நாள் முடிந்துவிட்டது. அவனோடு இருந்தவர்கள் எழுதியிருந்தார்கள். பேத்தி என்னிடமே இருந்துவிட்டாள். நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்துவிட்டது.

இசக்கி வக்கீல் பெயரைச் சொல்லித்தான் மாரில் அடித்துக்கொண்டாள். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. பேர் தெரியாமல் எழுதிப் பிள்ளையைத் தகப்பனிடமிருந்து பிரித்த வக்கீல் என்று ஆற்றங்கரையெல்லாம் பேச்சு. அக்கரைக்குப் போகிறவர்கள் எங்கள் பக்கமிருந்து அவரிடம் போவதை நிறுத்தினார்கள். நான் எல்லாப் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தேன். சில நாள் கூடச் சேர்ந்து பேசினேன்.

பிறகு அவரைப் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் இரண்டொரு தரம் பார்த்தேன். “ஆச்சி, பேத்தி படிக்காளா?” என்று கேட்பார். முகத்தைத் திருப்பிக்கொள்வேன். என்றைக்காவது இசக்கி கையில் அந்தக் காகிதத்தைக் கொடுப்பதற்காகத்தான் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் கொடுத்திருப்பேன். வருஷாவருஷம் காத்திருந்தேன், அவர் என்ன செய்யப்போகிறார் என்று. அவர் ஒன்றும் செய்யவில்லை. அதையும் நான் தந்திரம் என்றே எடுத்துக்கொண்டேன்.

பொட்டலத்தைப் பிரித்தேன். அதே காகிதம். வேறு எதுவும் இல்லை, ஒரு வரி கூட இல்லை. நான் அடுப்பில் போட்டுவிடட்டும் என்றுதான் கொடுத்திருக்கிறார். தன் பெயர் கெட்டது கெட்டதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

நான் போடவில்லை. அவருடைய ஞாபகமாக என்னிடம் இருக்கப்போவது அது ஒன்றுதான். ஓட்டைக் கப்பலில் யாரையும் ஏற்றமாட்டேன் என்று சொன்ன மனுஷன், என் பொய்யை மட்டும் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அவருக்காக நீங்கள் கூடும்போது நான் எழுதிய இதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிச் சாமுவேலிடம் கொடுக்கிறேன். இசக்கி வரமாட்டேன் என்கிறாள். கையைப் பிடித்து இழுத்தாவது முன்வரிசையில் உட்காரவைப்பேன். பேத்தியும் இருப்பாள். பத்து வயதாகிவிட்டது, அவளுக்கும் எல்லாம் புரியும்.

நான் மன்னிக்காதவர்கள் அநேகம் பேர். தங்கை மகனைக் கொண்டுபோன கங்காணி, தொடை தட்டிச் சிரித்த பால்பாண்டி, வாயைத் திறக்காமல் இருந்த சாமுவேல். அவர்களையெல்லாம் இன்றோடு விட்டுவிடுகிறேன். ஒருத்தியை மட்டும் விடமாட்டேன். அவள் பெயர் அந்தக் காகிதத்தின் அடியில், கட்டைவிரல் ரேகைக்குக் கீழே, அவள் கையாலேயே எழுதியிருக்கிறது. அன்று சொல்லாத பெயரை இன்று எழுதுகிறேன். பேத்தி பெயராக இல்லை, ஆச்சி பெயராக.

உலகம்மாள்.