இருபத்தைந்து கரண்டும் ஒரு பொய் நர்சும்

நோயாளிக்குத் துணையாகப் போவதும் ஒரு தொழில்தான் என்று சொன்னால் உங்களில் பாதிப் பேர் சிரிப்பீர்கள். ஆஸ்பத்திரி இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தே இடுப்பு தேய்ந்த மீதிப் பாதி சிரிக்க மாட்டீர்கள். எங்களுக்கு அங்கே 'அட்டெண்டர்' என்று பெயர். கழுத்தில் ஒரு அட்டை தருவார்கள். அதோடு சரி.

அம்மாவுக்கு இடது மார்பில் ஆபரேஷன் ஆகி, ஊசி மருந்தெல்லாம் முடிந்து, கடைசியில் ரேடியேஷன். எங்கள் சித்தூரில் அதைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று, மொத்தம் இருபத்தைந்து. நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை, அங்கேயே ரூம், ஞாயிற்றுக்கிழமைதான் முகம் பார்க்கலாம். ஆகவே இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்து, காலேஜ் சேரும் தேதிக்காகக் காத்திருந்த எனக்கு இந்த வேலை வந்தது. என் தகுதி ஒன்றே ஒன்று: யார் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிப் பேசுவேன். பள்ளிக்கூடத்தில் அதற்காக வகுப்புக்கு வெளியே நின்ற நாட்கள் நிறைய.

மாமாவின் புரோட்டான்

முதல் நாளே வேலூர் மாமா போன் செய்தார். பேசுவதற்கு முன் இரண்டு முறை தொண்டையைச் செருமுவார், மூன்றாவது செருமலில்தான் விஷயம் வரும். "சென்னையில புரோட்டான்னு வேற மாதிரி கரண்டு இருக்குதாம். அதுல தோலு கருகாதாம், ஒண்ணும் ஆவாதாம். டாக்டரைக் கேளு." மூன்று செருமலோடு சேர்த்து அதை அப்படியே டாக்டரம்மாவிடம் ஒப்பித்தேன். பக்கத்தில் நின்ற நர்சு, மாமாவே வந்துவிட்டாரோ என்று கதவைப் பார்த்தது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார். "புரோட்டான்லயும் தோல் சிவக்கும், களைப்பு வரும். இதுலயும் வரும். மூணாவது வாரத்துலேந்து பாருங்க. எது வந்தாலும் எங்ககிட்ட சொல்லுங்க. நீங்களா நடுவுல நிறுத்திடாதீங்க, நாள் இழுத்துக்கும்."

எல்லோரும் ஓடும் அறை

கரண்ட் அறையில் ஒரு வழக்கம் உண்டு. அம்மாவைப் பலகையில் படுக்கவைத்து, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிவைத்து, நெஞ்சில் போட்ட கோடுகளைச் சரிபார்த்ததும் எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். கனமான கதவு மூடும். மேலே சிவப்பு விளக்கு எரியும். அப்புறம் மைக்கில் டெக்னீஷியன் அண்ணா தெலுங்கில் சொல்வார்: "ஊபிரி பீல்ச்சண்டி… பட்டுக்கோண்டி… வதலண்டி." மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க. மூச்சைப் பிடித்தால் நெஞ்சு உப்பி, இதயம் கரண்டிலிருந்து கொஞ்சம் விலகி இருக்குமாம். முதல் இரண்டு நாள் அம்மாவுக்கு மூச்சு நிற்கவே இல்லை. பயத்தில் பாதியிலேயே விட்டுவிடும்.

எனக்கு அந்தக் குரல் ஒரே நாளில் பிடிபட்டது. வீட்டில் அம்மா டீயை வாய்க்குக் கொண்டுபோகும்போது "பட்டுக்கோண்டி" என்பேன். டம்ளர் அப்படியே அந்தரத்தில் நிற்கும். நான் "வதலண்டி" என்று சொல்லும்வரை அம்மா மூச்சு விடாது, அப்புறம் முதுகில் ஒரு அறை விழும். நாலாம் நாள் அறையிலும் மூச்சு சரியாக நின்றது. வெளியே வந்த அம்மாவிடம், என் டிரெயினிங் எப்படி என்று கேட்டேன். அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டே சொன்னது: "மூச்சு கெடக்குது. எல்லாரும் ஓடிட்டாங்க பாப்பா, நான் மட்டும் படுத்துக்கினு இருந்தேன்."

வெள்ளிக்கிழமைக் கோலம்

கரண்ட் எங்கே விழவேண்டும் என்று நெஞ்சில் மையால் கோடு போட்டிருப்பார்கள். அதைத் தேய்க்கக் கூடாது, சோப்பு கூடாது, பவுடர் கூடாது. நான் மூன்று குரலில் மூன்று முறை சொல்லியிருந்தேன். அம்மாவும் சோப்பைத் தொடவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை. கல்யாணம் ஆன நாளிலிருந்து வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசாமல் அம்மா குளித்ததில்லை. மஞ்சள் சோப்பு இல்லையே என்பது அம்மாவின் கணக்கு.

கோடு பாதி போய், மீதிப் பாதி மஞ்சளில் மிதந்தது. டெக்னீஷியன் அண்ணா திட்டுவார் என்று அவர் குரலில் திட்டைத் தயாரித்து வைத்திருந்தேன். அவர் பேனாவைத் தேடி எடுத்து, ஸ்கேன் படத்தைப் பார்த்துப் பார்த்து முக்கால் மணி நேரம் மறுபடி வரைந்தார். பிறகு தெலுங்கு வாசனையோடு தமிழில் சொன்னார்: "அம்மா, வாசல்ல கோலம் நீங்க போடுங்க. இந்தக் கோலம் நான் போட்டது, இத மட்டும் அழிக்காதீங்க."

பீப்

பக்கத்து வீட்டு தேவகி அக்காவின் குழந்தை எங்கள் வீட்டில்தான் வளர்ந்தது என்று சொல்லலாம். கரண்ட் ஆரம்பித்ததும் அது வருவது நின்றது. ஒருநாள் அக்கா வாசலில் நின்றபடி, "கரண்டு ஒடம்புலயே நிக்குமாமே, கொழந்தைக்கு ஆவாதாமே?" என்று கேட்டது. எனக்குக் குஷி. அக்கா ஒரு அடி எடுத்துவைக்கும்போதெல்லாம் வாயாலேயே 'பீப், பீப்' என்று மெஷின் சத்தம் கொடுத்தேன். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியே போய்விட்டது.

மெஷினை நிறுத்தினால் கரண்டும் நின்றுவிடும், உடம்பில் தங்காது, குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னதை அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். சிரித்து முடிக்கவே எனக்கு நேரம் போதவில்லை. அதற்கப்புறம் அந்த வாசலில் யாருமே வந்து நிற்கவில்லை. ரெண்டு நாள் கழித்து அம்மா, குழந்தைக்கென்று வாங்கிவைத்த பிஸ்கட்டை என் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னது: "நீயே துன்னு."

தூக்கிய கை

மூன்றாவது வாரம் டாக்டரம்மா சொன்னபடியே வந்தது. மார்பு முதலில் வெயிலில் நின்றதுபோல் சிவந்தது, அப்புறம் கருத்தது. அரிப்பு. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் களைப்பு. அக்குளில் துணி உரசினால் எரியும் என்று நைனாவின் பழைய பனியனைப் போட்டு, மேலே புடவை கட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரியிலிருந்து சித்தூர் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே இடது கையைத் தூக்கி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும், கை உடம்பில் படாமல் இருக்க. பாதி வழியில் பாகாலா வரும்வரை இறக்காது.

யாரோ இறங்கக் கை காட்டுவதாக நினைத்து கண்டக்டர் இரண்டு தரம் விசில் கொடுத்தார், டிரைவரும் இரண்டு தரம் நிறுத்தினார். இறங்குவார் யாருமில்லை. மூன்றாவது தரம் கண்டக்டர் பக்கத்தில் வந்து பார்த்தார். பனியன் விளிம்புக்கு மேலே தெரிந்த கருப்பையும் பார்த்தார். என்ன கேட்பார் என்று நான் காதைத் தீட்டினேன், அந்தக் குரலையும் சேர்த்துக்கொள்ளலாமே. அவர் ஜன்னலோரம் இருந்தவரை எழுப்பிவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "இக்கட கூர்ச்சோண்டி அம்மா, இங்க உக்காருங்க, காத்து வரும்."

பொய் நர்சு

பதினைந்தாவது கரண்டுக்கு அப்புறம் அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு துணி மாற்ற ஆரம்பித்தது. பனியனைத் தானே துவைத்தது. கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றது. டாக்டரம்மா கேட்டபோதும் ஒண்ணுமில்லைதான். எனக்குச் சந்தேகம். நைனா ஒரு பழைய சிம்மை வீட்டிலேயே வைத்திருந்தார். பதினேழாவது கரண்ட் முடிந்து வந்த மத்தியானம் அதை என் போனில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், கீழே படுத்திருந்த அம்மாவுக்குப் போன் போட்டேன், நர்சு குரலில். மூக்கால் பேசி, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு பெருமூச்சு.

"அம்மா, ஆஸ்பத்திரிலேந்து பேசறேன். தோலு ஏதாவது உரிஞ்சுதா?"

அம்மா நிதானமாகச் சொன்னது. மார்புக்கு அடியிலும் அக்குளிலும் தோல் உரிந்து தண்ணீர் கசிகிறது. பனியன் ஒட்டிக்கொள்கிறது, பிய்த்து எடுக்கும்போது உயிர் போகிறது. ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை என்று நர்சு கேட்டது. "சொன்னா நிறுத்திருவீங்க. நாள் இழுத்துக்கினு போவும். பாப்பா காலேஜ் சேர்ற தேதி வந்துரும். அது என்னால நின்னுறக் கூடாது." நர்சு 'சரிம்மா' என்றது. அதில் மூக்கும் இல்லை, பெருமூச்சும் இல்லை. கட் பண்ணும் முன் அம்மா சொன்னது: "பாப்பாகிட்ட சொல்லாதீங்க மேடம், அது சிரிச்சிக்கினு இருக்குது, அப்டியே இருக்கட்டும்."

பதினெட்டு

அன்றைக்கு முழுக்க நர்சுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்று நடித்தேன். இதுவரை போட்ட வேஷத்திலேயே கஷ்டமானது அதுதான். மறுநாள் டாக்டரம்மா "எப்படிம்மா இருக்கு" என்று கேட்டதும், அம்மா "ஒண்ணுமில்ல" என்று சொல்லும் முன் நான் சொல்லிவிட்டேன். யார் குரலும் இல்லாமல். என் குரல் எனக்கே புதிதாக, கொஞ்சம் கீச்சென்று இருந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, இது நிறைய பேருக்கு வருவதுதான், மருந்து வைத்துக் கட்டலாம், நிறுத்த வேண்டியதில்லை, மறைத்ததுதான் தப்பு என்றார். அன்றைக்கும் கதவு மூடியது, விளக்கு எரிந்தது. பதினெட்டு முடிந்தது.

திரும்பும் பஸ்ஸில் அம்மா கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தது. எப்படித் தெரிந்தது என்று அம்மா கேட்கும், என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா கேட்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி சொன்னது: "போன் அடிக்கறப்பவே உங்க நைனா பேருதான் வந்துச்சு. உன் மூஞ்சியப் பாத்து சொல்ல வாய் வரல, நர்சம்மாவா வந்தியே, சொல்லிட்டேன்."

இருபத்தைந்தும் முடிந்து, காலேஜும் சேர்ந்தாயிற்று. ஊரில் உள்ள குரலெல்லாம் பேசத் தெரிந்த நான் இந்தத் தொழிலில் கற்றுக்கொண்டது, அம்மாவை ஏமாற்ற நல்ல குரல் மட்டும் போதாது, அம்மா போனில் பேர் வராத நம்பரும் வேண்டும் என்பதுதான்.